வரைபடம் யார் கையில்?

அடுத்த விமானம் தாங்கிக் கப்பலுக்கு இந்தியக் கடற்படை எந்த நாட்டைத் துணைக்கு அழைக்கலாம்? இந்தக் கேள்விக்கு விக்ரமாதித்யா, விக்ராந்த் என்ற இரண்டு கப்பல்களின் வரலாறே வழிகாட்டும். இரண்டும் ஏறத்தாழ 45,000 டன் எடை கொண்டவை. இரண்டிலும் மேல்நோக்கி வளைந்த முகப்பிலிருந்தே போர் விமானங்கள் எழும்புகின்றன. உருவான வழிதான் வேறு.

விக்ரமாதித்யா ஒரே கூட்டாளியை நம்பிய கப்பல். 1987இல் சோவியத் கடற்படையில் சேர்ந்த இந்தப் பழைய கப்பலுக்கு 2004 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கப்பலுக்கு விலை இல்லை, புதுப்பிக்க 97.4 கோடி டாலர், 2008இல் ஒப்படைப்பு என்பது ஏற்பாடு. ரஷ்யாவின் செவ்மாஷ் தளத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் வேலையின் முழு அளவு தெரிந்தது. தொகை 235 கோடி டாலராக உயர்ந்தது. 2012 கடல் சோதனையில் கொதிகலன்கள் பழுதாயின. கப்பல் கைக்கு வந்தது 2013 நவம்பரில். பணமும் கட்டி, மாற்றுக் கப்பலும் இல்லாத நிலையில், கேட்ட தொகையைக் கொடுப்பதைத் தவிர இந்தியாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

விக்ராந்தில் பணி பல கைகளுக்குப் பிரிந்தது. கப்பலை வடிவமைத்தது கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு. கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். உந்துவிசை அமைப்புக்கு இத்தாலியின் பின்கான்தியேரி, விமானத் தளப் பகுதிக்கு ரஷ்யாவின் நெவ்ஸ்கோயே, எரிவாயுச் சுழலிகளுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் எனத் துணை தேடினார்கள். ரஷ்ய எஃகு கிடைக்காதபோது பணி முடங்கிவிடவில்லை. ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து டிஎம்ஆர் 249 எஃகை உருவாக்கின. பின்னர் வேறு போர்க்கப்பல்களும் அதே எஃகால் கட்டப்பட்டன.

விக்ராந்தும் தாமதத்துக்குத் தப்பவில்லை. 3,261 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டம் சுமார் 20,000 கோடியை எட்டியது; கப்பல் 2022 செப்டம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது. ஆனாலும் கப்பலில் 76 சதவீதம் உள்நாட்டுப் பங்கு. செலவழித்த பணத்தோடு திறமையும் இங்கே தங்கியது.

ஒரு குறை இரண்டுக்கும் பொது. தளங்கள் மிக்-29கே விமானத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. அதன் எஞ்சின் கோளாறுகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் சுட்டிக்காட்டினார். 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கான ஒப்பந்தமோ 2025இல்தான் வந்தது. விமானத்தை முதலில் முடிவு செய்துவிட்டால், அதற்குள்தான் கப்பல் அடங்க வேண்டியிருக்கிறது.

பெரிய கப்பல் கட்டுவதானால் விமானத்தை உந்தி ஏவும் கருவி வேண்டும். மின்காந்த முறையில் அமெரிக்கா முன்னணியில் இருக்கிறது. 2015இலேயே இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. மின்சார உந்துவிசையில் பிரிட்டன் கைகொடுக்க முன்வந்திருக்கிறது. விமானத்தில் பிரான்ஸ் வலுவானது. அதன் சார்ல் தெ கோல் கப்பலே அமெரிக்க ஏவுகருவியைத்தான் பயன்படுத்துகிறது. எல்லாவற்றையும் தரக்கூடிய ஒற்றை நாட்டைத் தேடுவது வீண்.

ஆகவே பகுதி பகுதியாகக் கூட்டாளிகளைத் தேர்வோம். ஏவுகருவி, விமானம் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்வோம். ஒருவர் கைவிட்டாலும் பணி நிற்காதபடி, வடிவமைப்பை நம் கையிலேயே வைத்துக்கொள்வோம்.