மேலோர் மொழியும் மக்கள் மொழியும்: கொரியம், எபிரேயம் பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

1

மொழிகளை ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் சொற்களையே முதலில் தேடிச் செல்வர். 1879 இல் யொகோஹாமாவில் நூலொன்றை வெளியிட்ட மக்லியொட் என்பார், கொரியரை இஸ்ரவேலின் தொலைந்துபோன பத்துக் குலங்களோடு தொடர்புபடுத்தினார். 1905 இல் ஹோமர் ஹல்பேர்ட் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணநூல் எழுதினார். எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துக்கி' என்ற சொல்லைத் தமிழ்த் 'தோகை'யுடன் கால்டுவெல் இணைத்துக் காட்டியமை தமிழ் வாசகர் நன்கறிந்த செய்தியே. கடன்சொல் பற்றிய ஆராய்ச்சி பண்டைய வணிகத் தொடர்புகளுக்குச் சான்றாகலாம். ஆனால் மொழிகளின் இனவுறவை நிறுவுவதற்குத் தற்செயலான ஒலியொப்புமை போதாது. ஒழுங்கான ஒலி இயைபுகள் வேண்டும். கொரியத்துக்கும் எபிரேயத்துக்குமிடையே அத்தகைய இயைபுகள் எவையும் காட்டப்படவில்லை.

அமைப்பு நிலையிலும் இவ்விரண்டும் வெகுதொலைவில் நிற்பவை. எபிரேயம் செமித்திய மொழி. க், த், வ் ஆகிய மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து 'கதவ்' (எழுதினான்), 'மிஃக்தவ்' (கடிதம்), 'க்தோவெத்' (முகவரி) எனச் சொற்கள் பிறக்கின்றன. கொரியமோ ஒட்டுநிலை மொழி. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான சமூக உறவை வினையின் ஈறே வெளிப்படுத்தும்.

அவ்வாறாயின் இவற்றை ஒப்பிடுவதால் விளையும் பயன் யாது? இருமொழிகளும் நவீன தேசியத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டுகளாகச் சேர்த்தே போற்றப்படுவதுண்டு. ஒன்று அடக்குமுறையிலிருந்து மீண்டது, மற்றது மரணத்திலிருந்து மீண்டது என்பர். இக்கூற்று ஒரு வரலாற்றுண்மையை மறைத்துவிடுகின்றது. பழைய கொரியச் சமூகத்தில் எபிரேயத்தின் இடத்தை வகித்தது கொரியமன்று, செவ்வியற் சீனமே. யூத சமூகத்தில் கொரியத்தின் இடத்தை வகித்தது எபிரேயமன்று, யிடிஷ் மொழியே. இதனை மனங்கொள்ளும்போதுதான் இரு வரலாறுகளும் எதிரெதிர்த் திசைகளிற் சென்றமை புலனாகும்.

2

கொரியாவில் யங்பன் எனப்பட்ட நிலவுடைமை அதிகார வர்க்கம் செவ்வியற் சீனத்திலேயே எழுதியது. அரசப் பதவிக்கு வாயிலாக அமைந்த தேர்வும் அம்மொழியிலேயே நடைபெற்றது. மன்னர் செஜொங் காலத்தில் 1443 இல் ஆக்கப்பட்டு 1446 இல் வெளியிடப்பட்ட 28 எழுத்துக்களைக் கொண்ட முறைமையின் மெய்யெழுத்துக்கள், நாவும் தொண்டையும் உதடும் ஒலிக்கும் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. எளிய மக்களும் விரைவிற் கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எதிர்ப்பு உடனேயே எழுந்தது. 1444 இல் சொய் மல்லி முதலான அரசவை அறிஞர்கள் சமர்ப்பித்த விண்ணப்பம், தனியெழுத்து வைத்துக்கொள்வது சீன நாகரிகத்திலிருந்து விலகிக் காட்டுமிராண்டிகளோடு சேர்வதாகும் என வாதிட்டது. அதே விண்ணப்பம், இருபத்தெட்டுக்குட்பட்ட சில எழுத்துக்களைக் கொண்டே பதவி பெறலாமெனின் அரிதின் முயன்று முன்னோர் நூல்களைக் கற்பவர் யாரெனவும் வினவியது. பண்பாட்டின் பெயரால் எழுந்த இவ்வாதத்தினுள் வர்க்க நலன் வெளிப்படையாகவே பேசுவதைக் காணலாம். 1504 இல், தம்மை இகழும் சுவரொட்டிகள் இவ்வெழுத்தில் தோன்றியமையால் யொன்சன்குன் மன்னர் அதனைத் தடைசெய்தார். ஆள்வோர் எதற்கு அஞ்சினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வெழுத்து 'இழிவழக்கெழுத்து' என்றும் 'பெண்டிர் எழுத்து' என்றும் இகழப்பட்டது. ஆயினும் பெண்களின் கடிதங்களிலும் பாடல்களிலும் மக்கள் கதைகளிலும் அது உயிர்வாழ்ந்தது. 1860களின் தொடக்கத்தில் தொங்ஹக் இயக்கத்தைத் தோற்றுவித்த சொய் ஜெ-உ தமது போதனைகளுள் ஒரு பகுதியை இவ்வெழுத்திலேயே பாடல்களாக இயற்றினார். அவ்வியக்கத்தின் பின்னணியில் 1894 இல் உழவர் பேரெழுச்சி மூண்டது. அதே ஆண்டுச் சீர்திருத்தங்கள் பழைய தேர்வு முறையை ஒழித்து, அரச ஆவணங்களில் நாட்டெழுத்துக்கு முதன்மை அளித்தன. 1896 இல் தொடங்கிய 'தொங்னிப் சின்முன்' பத்திரிகை சீன எழுத்தை முற்றாக விலக்கி, சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு அச்சிடப்பட்டது. அதிற் பணியாற்றிய ஜு சி-கியொங்கே பின்னர் நவீன கொரிய இலக்கண ஆய்வுக்கு அடித்தளமிட்டார்.

1910 இல் யப்பான் நாட்டைக் கைப்பற்றியதும் மக்கள்மொழி தேசத்தின் மொழியாகவும் ஆயிற்று. 1925 இல் உருவாகி 1935 இற் கலைக்கப்பட்ட பாட்டாளிவர்க்க எழுத்தாளர் சங்கமான 'காப்' இம்மொழியிலேயே இயங்கியது. 1938 இல் பாடசாலைகளிற் கொரியம் விருப்பப் பாடமாக்கப்பட்டது. 1940 இல் கொரியர் யப்பானிய முறையிற் பெயர் மாற்றும்படி நெருக்கப்பட்டனர். 1942 இல் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தினர் கைதாகினர். இருவர் சிறையில் மாண்டனர். பறிமுதலான கையெழுத்துப் படி 1945 செப்டெம்பரிற் சியோல் புகையிரத நிலையக் களஞ்சியமொன்றிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் முதற்றொகுதி 1947 இல் வெளிவந்தது.

3

இனி யூத சமூகத்தை நோக்குவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் எபிரேயம் நாளாந்தப் பேச்சுமொழி என்ற நிலையை இழந்தது. ஆனால் வழிபாடு, சட்டம், கல்வி, கவிதை, வணிகக் கடிதம் ஆகியவற்றில் அது தொடர்ந்தமையால் அதனை 'இறந்த மொழி' எனல் பொருந்தாது. கிழக்கைரோப்பிய யூதர் பேசியது யிடிஷ். எபிரேயத்தைப் 'புனித மொழி' என்றும் யிடிஷைத் 'தாய்மொழி' என்றும் அவர்கள் வழங்கியமை கவனிக்கத்தக்கது. புனித மொழிக் கல்வி பெரிதும் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெண்களிடையே பெருவழக்குப் பெற்ற 'ட்செனெ ரெனெ' என்னும் விவிலிய நூல் யிடிஷில் அமைந்ததற்குக் காரணம் இதுவே. பிற்கால அறிவொளி இயக்கத்தார் யிடிஷைக் 'கொச்சை' என இகழ்ந்தனர். கொரியப் 'பெண்டிர் எழுத்து' பெற்ற அதே இகழ்ச்சி இங்கும் மீள ஒலிக்கின்றது.

எபிரேயத்தில் எழுதத் தொடங்கிய மெண்டெலே, தம் மக்களைச் சென்றடையும் பொருட்டு 1864 இல் யிடிஷுக்குத் திரும்பினார். 1886 முதல் மீண்டும் எபிரேயத்திலும் எழுதினார். ஓர் எழுத்தாளரின் வாழ்வே இருமொழிகளின் போராட்டக் களமாயிற்று. 1897 இல் வில்னாவிற் தோன்றிய யூதத் தொழிலாளர் அமைப்பான 'புந்த்' யிடிஷைத் தன் மொழியாகக் கொண்டது. 1908 இல் செர்னோவிட்ஸ் மாநாடு யிடிஷை யூதரின் ஒரு தேசிய மொழியென அறிவித்தது.

பலஸ்தீனத்திலோ நிலைமை வேறு. 1881 இல் அங்கு சென்ற பென் யெஹுதாவின் தனிமனித சாதனையாகவே எபிரேயத்தின் மீட்சி பெரும்பாலும் கூறப்படுகின்றது. அவரது அகராதிப் பணி பெரிதே. ஆனால் மொழியைத் தனியொருவர் பேசச்செய்தல் இயலாது. யிடிஷ், லடினோ, அரபு முதலான பல மொழிகளைப் பேசி வந்த குடியேறிகளுக்குப் பொதுமொழி தேவைப்பட்டது. ஆண்பிள்ளைகள் சிறுவயதிலேயே எபிரேய எழுத்தைக் கற்றிருந்தமை அதற்கான முன்நிபந்தனையாயிற்று. 1904க்கும் 1914க்கும் இடையிற் சென்ற இளந்தொழிலாளரும், எபிரேயத்திற் கற்பித்த பாடசாலைகளும் அதனை வீட்டு மொழியாக்கினர். 1922 இல் பிரித்தானிய ஆணையாட்சி அதனை ஆங்கிலம், அரபு ஆகியவற்றுடன் ஆட்சிமொழியாக்கியது.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1920களில் தெல் அவிவில் 'மொழிப் பாதுகாவலர் படை' யிடிஷ் பேசுவோருக்கெதிராக இயங்கியது. 1927 இல் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யிடிஷ் கற்கைக்கான பீடம் அமைக்கும் யோசனை எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 1951 இலேயே அது நிறைவேறியது. அதற்கிடையில் நாசிகள் ஐரோப்பிய யிடிஷ் மக்களை அழித்தொழித்திருந்தனர். சோவியத் நாட்டில் 1920களில் எபிரேயம் மதகுருமாரின் மொழியென ஒடுக்கப்பட்டு யிடிஷ் ஆதரிக்கப்பட்டது. ஆயின் 1952 ஓகஸ்டில் மார்க்கிஷ், பெர்கெல்சன் முதலிய யிடிஷ் எழுத்தாளர் அங்கேயே கொல்லப்பட்டனர். மக்கள்மொழியின் பெயரால் நிகழ்ந்த இக்கொடுமையை முற்போக்காளர் மறைத்தலாகாது.

4

கொரியாவிற் கீழோர் எழுத்து மேலெழுந்தது. பலஸ்தீனத்தில் மேலோர் மொழி கீழிறங்கிப் பேச்சாயிற்று. இவ்வேறுபாட்டின் காரணம் மொழிகளின் இயல்பில் இல்லை. கொரிய உழவர் ஒரே நிலப்பரப்பில் ஒரே மொழி பேசினர். அவர்களுக்கு மறுக்கப்பட்டது எழுத்தறிவும் அதிகாரமுமே. பலஸ்தீன யூதர் பல நாடுகளிலிருந்து வந்தோர். அவர்களைப் பிணைத்தது பொது எழுத்து மரபு.

மொழி மேற்கட்டுமானமன்று, வர்க்கத்துக்கொரு மொழியும் இல்லை என 1950 இல் ஸ்டாலின் மாரின் கோட்பாட்டை மறுத்தார். பேச்சைப் பொறுத்தவரை இஃது ஏற்புடையதே. ஆனால் எழுத்து ஒருபோதும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதையே மேற்கூறிய வரலாறுகள் காட்டுகின்றன. யார் எழுதலாம், எம்மொழியிற் பதவி கிடைக்கும் என்ற வினாக்களில் வர்க்கம் தவறாது தோன்றுகின்றது.

வென்ற மொழியும் வரலாற்றுக்கு வெளியே நிற்பதில்லை. வட கொரியா 1949 அளவிற் சீன எழுத்தைக் கைவிட்டது. தெற்கிலும் அது படிப்படியாக மறைந்தது. ஆயினும் சீனமூலச் சொற்கள் கொரியச் சொற்றொகுதியிற் பெரும்பகுதியாக நிலைத்துள்ளன. எபிரேயமோ அரசமொழியானதும் தானே பெயர் மாற்றும் அதிகாரமாயிற்று. 1949 இல் அமைக்கப்பட்ட குழு நெகேவ் பகுதியின் அரபு இடப்பெயர்களுக்குப் பதிலாக எபிரேயப் பெயர்களைச் சூட்டியது. 2018 இல் நிறைவேறிய சட்டம் அரபின் ஆட்சிமொழித் தகுதியை நீக்கி 'சிறப்பு நிலை' என்ற அளவிற் குறைத்தது. 1940 இற் கொரியர் அனுபவித்ததை அறிந்தோர்க்கு, பெயர் மாற்றுதலின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

எனினும் மொழி அரசின் உடைமையன்று. பலஸ்தீன அரபியரான அன்ரன் ஷம்மாஸ் 1986 இல் 'அரபெஸ்க்' நாவலை எபிரேயத்திலேயே எழுதினார். மேலோரிடமிருந்து இறங்கிய மொழியை, அதனால் ஒதுக்கப்பட்டோரும் தமதாக்கிக்கொள்ள முடிந்தது.

ஆகவே ஒரு மொழியின் தொன்மையோ, புனிதமோ, அது பட்ட துன்பமோ அதனை முற்போக்கானதாக்கிவிடாது. ஒடுக்கப்பட்டோரின் மொழி விடுதலைக்கு உதவும். அதே மொழி அரியணை ஏறியதும் வேறொரு மக்களின் வாயை மூடவும் உதவும். மொழி வரலாற்றை எழுதுவோர் சொற்களின் உறவைத் தேடுவதோடு அமையாது, அச்சொற்களை எழுத உரிமை பெற்றோர் யார், இழந்தோர் யார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஒப்பியல் ஆய்வு சமூக அறிவியலாக மலர்வதற்கு வழி அதுவேயாகும்.