முதல் ஷாட்டும் இரண்டாம் ஷாட்டும்: மாணவர் குறும்படத் தொடக்கத்தின் வரலாறு

பெங்களூரின் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக், ஒளிப்பதிவைத் தொழிற்கல்வியாகக் கற்பித்த இந்திய நிறுவனங்களுள் முன்னோடியானது. வி.கே. மூர்த்தி 1946இலும் கோவிந்த் நிஹலானி 1962இலும் அங்கிருந்து பட்டயம் பெற்றனர். புனேயின் பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் திரைப்படக் கல்லூரி தொடங்கப்பட்டது 1960இல்தான். அக்காலத் திரைப்பட மாணவர்களுக்குப் பிலிம் அளந்து செலவழிக்க வேண்டிய பொருள். 35 மி.மீ. பிலிம் 1000 அடி இருந்தால், ஓடும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடங்களே.

இந்தக் கணக்கின் அழுத்தம் படத்தொகுப்பு மேசையிலும் தொடர்ந்தது. பாசிட்டிவ் பிரதியை வெட்டி ஒட்டி, முடிவு உறுதியான பின்னரே, விளிம்பு எண்களைப் பார்த்து நெகட்டிவை வெட்டுவர். பசையிட்டு ஒட்டும் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பிரேமாவது வீணாகும் என்பதால், வெட்டிய நெகட்டிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. எனவே, படம் எங்கே தொடங்குகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

பிலிம் தட்டுப்பாடு ஒரு பாடமுறைக்கே வழிவகுத்ததும் உண்டு. 1919இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட திரைப்படப் பள்ளியில், லெவ் குலெஷோவின் மாணவர்கள் புதிய பிலிம் கிட்டாத நிலையில் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ (1916) போன்ற படங்களைப் பிரித்து, காட்சிகளை வேறு வரிசையில் அடுக்கிப் பார்த்தனர். ஒரு ஷாட்டின் பொருளை அதன் அண்டை ஷாட் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை.

தொடக்கக் காட்சிக்கு இவ்வுண்மை தனியாகப் பொருந்தும். படத்தில் முன்னால் அண்டை ஷாட் இல்லாதது முதல் ஷாட் ஒன்றே. இரண்டாம் ஷாட் வரும்வரை அதன் பொருள் முழுமை பெறுவதில்லை. ஆயினும், விடியலுக்குக் காத்திருந்து எடுத்த நகரக் காட்சியை மாணவர் நீளவிடுவது இயல்பு. எடுத்தபோது பட்ட பாடு அவருக்கு நினைவிருக்கிறது. பார்வையாளருக்கு அது தெரியாது.

கணினித் தொகுப்பு பரவியபின் வெட்டும் செலவு மறைந்தது. வால்டர் மர்ச், அவிட் கருவியில் தொகுத்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ (1996) படத்துக்கு ஆஸ்கார் பெற்றார். அவரே இதிலுள்ள ஓர் இழப்பையும் சுட்டிக்காட்டினார்: சுருளை முன்னும் பின்னும் ஓட்டித் தேடும்போது, தேடாத ஷாட்டுகளும் கண்ணில் பட்டன; கணினியோ கேட்டதை மட்டும் எடுத்துத் தருகிறது.

மைசூரைச் சேர்ந்த சிதானந்த எஸ். நாயக், புனே கல்லூரியில் மாணவராக இருந்தபோது நான்கு நாட்களில் எடுத்த கன்னடக் குறும்படம் 2024இல் கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவில் முதற்பரிசு பெற்றது. கிழவி ஒருத்தி சேவலைத் திருடியதால் ஊரே இருளில் மூழ்கும் நாட்டார் கதை அது. ஏறத்தாழ 16 நிமிடப் படத்தில் ஊருக்கும் கிழவிக்கும் சேவலுக்கும் தனித்தனி அறிமுகம் தர இடமில்லை. ஒவ்வொரு வெட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்தாக வேண்டும்.

பெங்களூரில் மடிக்கணினியில் தொடக்கத்தைப் பத்து விதமாக அடுக்கிப் பார்க்கும் இன்றைய மாணவருக்கு இவ்வரலாறு தரும் பயன் நடைமுறை சார்ந்தது. எடுத்த காட்சிகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது அன்று கட்டாயம். இன்று அது அவர் விரும்பி ஏற்க வேண்டிய உழைப்பு. பொருத்தமான இரண்டாம் ஷாட் பெரும்பாலும் அந்தப் பார்வையில்தான் அகப்படுகிறது.