இலத்தீனில் எழுந்த கொடுந்தமிழ் இலக்கணம்

வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியும் பரமார்த்த குரு கதையுமே நம் நினைவில் எழும். அவர் இலத்தீன் மொழி வாயிலாகச் செய்த தமிழ்ப்பணியை அறிந்தோர் சிலரே.

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்த பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி, 1710-இல் கோவாவில் வந்திறங்கித் தமிழகம் சேர்ந்தார். அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்க்குப் பொதுமொழி இலத்தீனே. ஆதலின், தமிழ் கற்க விழையும் குருமார்க்கு அம்மொழியிலேயே இலக்கணம் வகுத்தார்.

செந்தமிழ் இலக்கணத்தை அவர் எழுதியது 1730-இல். அதற்கு முன்பே, 1728-இல், மக்கள் நாவில் வழங்கும் தமிழுக்கு இலக்கணம் கண்டுவிட்டார். கொடுந்தமிழ் இலக்கணம் எனப்படும் அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டோர், சமயக் கொள்கையில் அவரோடு மாறுபட்ட லுத்தரன் சபையார் என்பது வியப்பன்றோ!

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. 1886-இல் ஜி. யு. போப் தம் ஆங்கிலக் குறள் பதிப்பில் அம்மொழிபெயர்ப்பையும் சேர்த்துக்கொண்டார்.

குறளின் நுட்பம் உணர்ந்த அப்புலவர், கடைத்தெருப் பேச்சிலும் ஓர் ஒழுங்கு உண்டெனக் கண்டார். சுங்காய்த் தோட்டப் பள்ளியில், "வூட்டுக்குப் போறேன் சார்" என்ற சிறுவனைக் கொச்சை பேசாதே எனக் கடிந்தவன் நான். இவ்வரலாறு அறிந்தபின் கடிவதில்லை. "வீட்டுக்குப் போகிறேன்" எனக் கரும்பலகையில் எழுதி, இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறேன்.

செந்தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அதற்காகப் பிள்ளையின் தாய் பேசும் தமிழை இகழ வேண்டுவதில்லை.