மாட்டுவண்டிக்கு எட்டு

1946-ல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானபோது ஓசூர் வட்டாரச் சாலைகள் சேலம் மாவட்டக் கணக்கில் இருந்தன. 1965-ல் தருமபுரி, 2004-ல் கிருஷ்ணகிரி என்று மாவட்டம் இருமுறை மாறிவிட்டது. சாலை எவ்வளவு வண்டி தாங்கும் என்று அளக்கும் முறை மட்டும் நம் துறையில் அத்தனை வேகமாக மாறவில்லை.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-ல் இரண்டு கையேடுகள் வெளியிட்டது. ஊர்ப்புறச் சாலைக்கு 64-ஆம் எண், நகரச் சாலைக்கு 106-ஆம் எண். ஊர்ப்புறக் கணக்கில் கார் ஒன்று என்றால் லாரியும் பஸ்ஸும் மூன்று, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை, மாட்டுவண்டி எட்டு! அது அடைக்கும் இடத்துக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிறவர்களை ஊர்ந்துவர வைப்பதற்கும்தான் அந்த எட்டு. சமவெளியில் ஒற்றைத்தடச் சாலை நாளொன்றுக்கு 2,000 கார் அலகு தாங்கும். ஏழு மீட்டர் இருவழிச் சாலை 15,000. நகரக் கையேடு நாள் கணக்கை விட்டுவிட்டு நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கிறது.

காட்டோரக் கிராமமான ஜவளகிரியிலிருந்து ஓசூர் நகருக்குப் போக இரண்டு கையேடும் வேண்டும். எந்த இடத்தில் ஒன்றை மூடி மற்றதைத் திறப்பது? 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த புதிதில் ஊர்ப்புறம் எது, நகரம் எது என்ற கேள்விக்கே வேலையில்லை. இன்று ஷிப்டு ஆட்களை ஏற்றக் கம்பெனி பஸ் கிராமச் சாலைக்குள் வருகிறது. நாள் முழுதும் கூட்டினால் கணக்கு அடங்கிவிடும். காலை ஒரு மணி நேரம் மட்டும் அடங்காது. அகலப்படுத்தும் கோப்புகள் சறுக்குவது இங்கேதான் என்பேன்.

போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு இருமுறை, ஏழு நாள், இரவும் பகலும் நடக்க வேண்டும். ஒன்று அறுவடைக் காலத்தில். இங்கே ராகி முற்றும் பருவமும் பன்னார்கட்டாவிலிருந்து யானைகள் ஜவளகிரிக் காட்டுக்கு இறங்கும் பருவமும் ஒன்றே. அங்கிருந்து சானமாவு காட்டுப் பக்கம் போகும் கூட்டம் தேசிய நெடுஞ்சாலை 44-ஐக் கடக்கும்போது வனத்துறையினர் இருபுறமும் வண்டிகளை நிறுத்துகிறார்கள். எத்தனை தடம் போட்டிருந்தாலும் அந்த நேரத்துக்குக் கொள்ளளவு பூஜ்யம். கணக்கெடுப்புத் தாளில் யானைக்குக் கட்டம் கிடையாது; நிறுத்திய நிமிடங்களுக்காவது ஒன்று போடலாம்.

பெங்களூரைச் சுற்றி ஓசூர் வழியாக வரும் 948ஏ வட்டச் சாலைக்கு யானைகளுக்காக வண்டிகளை நிறுத்தும் இந்த நிமிடக் கணக்கு முன்கூட்டியே வேண்டும். யானை கடக்கும் இடங்களில் சாலையை எங்கே தூக்கிக் கட்டுவது என்பதை வரைபடம் முடிந்த பிறகு யோசித்தால் செலவு பல மடங்காகும்.