ஹெட் ஹன்டர்ஸ்

ஹெட் ஹன்டர்ஸ், அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ஜாஸ்-ஃபங்க் இசைத்தொகுப்பு. சான் பிரான்சிஸ்கோவில் பதிவாகி, 1973 அக்டோபரில் கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. டேவிட் ரூபின்சனும் ஹான்காக்கும் தயாரித்தனர்.

பின்னணி: மைல்ஸ் டேவிஸ் குழுவில் புகழ்பெற்ற ஹான்காக், பின்னர் ‘முவாண்டிஷி’ குழுவுடன் சோதனை இசையில் ஈடுபட்டார். ஸ்லை ஸ்டோன், ஜேம்ஸ் பிரவுன் ஆகியோரின் தாளக்கட்டு அவரை ஃபங்க் பக்கம் ஈர்க்கவே, புதிய குழு அமைத்தார். பென்னி மாபின் சாக்சபோனும், பால் ஜாக்சன் பேஸ் கிதாரும், ஹார்வி மேசன் டிரம்ஸும், பில் சம்மர்ஸ் பிற தாளக்கருவிகளும் வாசித்தனர்.

இசை: ‘கமீலியன்’, ‘வாட்டர்மெலன் மேன்’, ‘ஸ்லை’, ‘வெயின் மெல்ட்டர்’ என நான்கே உருப்படிகள். சுமார் 15 நிமிடம் நீளும் ‘கமீலியன்’, சிந்தசைசரில் ஹான்காக் வாசிக்கும் பேஸ் வரியில் தொடங்குகிறது. அந்த வரி திரும்பத் திரும்ப ஒலிக்க, மற்றக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. தாளத்துக்கான கிதாரின் இடத்தைக் கிளாவினெட் என்ற விசைப்பலகைக் கருவி நிரப்புகிறது. 1962இல் ஹான்காக் வெளியிட்ட ‘வாட்டர்மெலன் மேன்’ இங்கே முற்றிலும் புதுவடிவம் பெற்றது. மத்திய ஆப்பிரிக்க பிக்மி மக்களின் ஊதல் இசையைப் பின்பற்றி, பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதும் ஒலியுடன் அது தொடங்குகிறது. ‘ஸ்லை’ என்ற தலைப்பு ஸ்லை ஸ்டோனுக்குச் செலுத்திய மரியாதை.

தாக்கம்: விற்பனையில் பெருவெற்றி கண்ட இத்தொகுப்பு, ஜாஸை இளம் ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தது. பிற்கால ஹிப்-ஹாப் கலைஞர்கள் இதன் ஒலித்துணுக்குகளைத் தங்கள் பாடல்களில் எடுத்தாண்டனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றுள்ளது.