முதுகெலும்பும் எக்ஸ்ரேயும்



முதுகு வலி என்றாலே "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடு" என்கிறோம். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் வைத்தியத்தில் இந்தப் பழக்கம் எப்படி வேரூன்றியது என்பது நல்ல சரித்திரப் பாடம்.

1895 செப்டம்பர் 18-ஐத்தான் தங்கள் துறை பிறந்த நாளாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காது கேளாத ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பை டி.டி. பால்மர் அழுத்தினாராம், காது கேட்டதாம். (நம்புவது உங்கள் பாடு!) அதற்கு 51 நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார்.

பால்மரின் மகன் பி.ஜே. 1910-ல் எக்ஸ்ரே கருவியைத் தம் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். எலும்பு இடம் விலகி நரம்பை நெருக்குவதால்தான் நோய் வருகிறது என்பது அவர்கள் கொள்கை. அதுவரை விரலால் தடவிச் சொன்னதற்கு இப்போது படச் சாட்சி! நோயாளிக்கும் படத்தைப் பார்த்தால் ஒரு நம்பிக்கை.

பிறகு அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் கைரோபிராக்டிக்கைச் சேர்த்த 1972 சட்டம், எலும்பு விலகல் எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் பணம் என்றது. உடம்புக்குத் தேவையோ இல்லையோ, பில்லுக்குப் படம் தேவைப்பட்டது. அந்த நிபந்தனை 2000-ல்தான் நீங்கியது. என்னைக் கேட்டால், பி.ஜே.யைவிட இந்தச் சட்டத்தைத்தான் அதிகம் குறை சொல்வேன்.

படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமும் இல்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. முதுகெலும்புத் தட்டுத் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம்! நரை மாதிரிதான் அதுவும். இதைப் பார்த்துப் பயந்து வேலையை விட்டவர்களும், கத்தி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. கதிர்வீச்சு வேறு: இடுப்பு எக்ஸ்ரேயில் நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம்.

2017-ல் அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமே சொல்லிவிட்டது: புதிதாக வந்த இடுப்பு வலிக்கு, ஆபத்து அறிகுறி இல்லையென்றால், முதல் ஆறு வாரம் படம் வேண்டாம்.

ஆபத்து அறிகுறி எது? விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, எலும்புத் தேய்வு நோய். இவர்களை யாரும் அழுத்தும் முன் டாக்டர் பார்க்க வேண்டும், படமும் தேவைப்படலாம். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.