இருபது வீதம்: ஓர் இலக்கு ரொறன்ரோவில் பிறந்த கதை

இந்த ஆண்டுக்குள் காபன் வெளியேற்றத்தை இத்தனை வீதம் குறைப்போம் என்று நாடுகள் வாக்குக் கொடுப்பது இன்று வழமையாகிவிட்டது. கனடா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இலங்கையும் வைத்திருக்கிறது. பசிபிக் கடலில் புள்ளியாகத் தெரியும் தீவுகளும் வைத்திருக்கின்றன. ஆண்டும் வீதமும் சேர்ந்த இந்தக் கணக்கை உலகம் பேசத் தொடங்கியது, பிறம்ரனிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய் இறங்கக்கூடிய ரொறன்ரோ நகரத்தில். 1988 யூன் 27 முதல் 30 வரை அங்கே ஒரு மாநாடு நடந்தது. 2005 ஆம் ஆண்டுக்குள் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தை 1988 இல் இருந்ததைவிட 20 வீதம் குறைக்கவேண்டும் என்று அந்த மாநாடு உலகத்துக்குச் சொன்னது. 'ரொறன்ரோ இலக்கு' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

அந்தக் கோடை வட அமெரிக்காவுக்குக் கொடிய கோடை. மழை பொய்த்து, பிறெயரி மாகாணங்களிலும் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் பயிர் கருகியது. யூன் 23 அன்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனற் குழுவின் முன் அமர்ந்து, பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று அடித்துச் சொன்னார். நான்கு நாள் கழித்து ரொறன்ரோ மாநாடு கூடியபோது, விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த விஷயம் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்திருந்தது.

துணிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முந்தைய ஆண்டு செப்ரெம்பரில்தான் மொன்றியலில் ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து கசிந்த வாயுக்களை இன்ன ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பது என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒரு வாயுவை அளக்கலாம், அதற்குத் தவணை போடலாம், குறைக்கலாம் என்பதை மொன்றியல் காட்டியது. அதே வழியைக் காபனீரொட்சைட்டுக்கும் கேட்டார்கள் ரொறன்ரோவில் கூடியவர்கள்.

கனடிய அரசு உலக வானிலை அமைப்புடனும் ஐநாவின் சுற்றுச்சூழல் அமைப்புடனும் சேர்ந்து அந்த மாநாட்டைக் கூட்டியது. 46 நாடுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஐநாவுக்கான கனடியத் தூதுவர் ஸ்டீபன் லூயிஸ் தலைமை தாங்கினார். பிரதமர் பிறயன் மல்ரோனியும் நோர்வேப் பிரதமர் குறோ ஹார்லம் புறுன்ட்லான்டும் உரையாற்றினார்கள். வந்தவர்கள் விஞ்ஞானிகள், அதிகாரிகள், அமைச்சர்கள், தொழில்துறையினர், தொண்டு அமைப்பினர். உடன்படிக்கையில் கையெழுத்திடும் வேலை அவர்களுக்கு இருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் பேசாமல், தேவை எதுவோ அதை எழுத முடிந்தது.

அவர்கள் எழுதிய அறிக்கை, மனிதகுலம் கட்டுப்பாடே இல்லாத ஒரு பரிசோதனையை இந்தப் பூமியில் நடத்திக்கொண்டிருக்கிறது, அதன் விளைவு அணுவாயுதப் போருக்கு அடுத்தபடியாக இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டின் அளவு கூடாமல் நிற்கவேண்டுமென்றால் வெளியேற்றத்தைப் பாதிக்கு மேல் குறைக்கவேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. 20 வீதம் என்பது முதற்படி மட்டுமே. அதில் பாதியைச் சக்தியை வீணாக்காமல் சேமிப்பதாலும் மறுபாதியைச் சக்தி எடுக்கும் வழியை மாற்றுவதாலும் அடையலாம் என்றார்கள். யார் முதலில் குறைப்பது என்ற கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. கைத்தொழிலால் செழித்த நாடுகள் முன்னே நடக்கவேண்டும். அந்த நாடுகள் எரிக்கும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் ஒரு வரி விதித்து, உலக வளிமண்டல நிதியம் ஒன்றைத் தொடங்கவேண்டும். வீதமும் ஆண்டும் பொறுப்பும் ஒன்றாகவே பிறந்தன. பிறகு வந்த பேச்சுவார்த்தைகளில் இந்த மூன்றையும் பிரித்தெடுப்பதில்தான் அரசுகள் கெட்டித்தனம் காட்டின.

இலக்குப் பிறந்த நாடே பின்வாங்கியது. 20 வீதம் குறைப்பு என்ற பேச்சுப் போய், 2000 ஆம் ஆண்டளவில் 1990 இன் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம் என்று கனடிய அரசு சொல்லத் தொடங்கியது. 1997 இல் கியோட்டோவில் எழுதிய உடன்படிக்கையில் 6 வீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டது. 2002 இல் நாடாளுமன்றம் அதை ஏற்றது. 2005 வந்தபோது கனடாவின் வெளியேற்றம் 1990 இல் இருந்ததைவிட 20 வீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. 2011 டிசெம்பரில், கியோட்டோவிலிருந்து விலகுவதாக அரசு அறிவித்தது. ஏற்று உறுதிசெய்த பிறகு அந்த உடன்படிக்கையை விட்டு வெளியேறிய ஒரே நாடு கனடாதான். இன்று ஒட்டாவா சொல்லும் இலக்கு, 2030 இல் 2005 ஐ விட 40 முதல் 45 வீதம் குறைவு. ரொறன்ரோவில் முடிவெல்லையாகக் குறித்த ஆண்டுதான் இப்போது அளக்கத் தொடங்கும் ஆண்டு. 2023 இல் கனடா வெளிவிட்டது 694 மில்லியன் தொன். 2005 ஐ விட 8.5 வீதம்தான் குறைவு.

பெரியவர்கள் கைவிட்ட இலக்கைச் சிறியவர்கள் தூக்கினார்கள். 1987 ஏப்ரலில் மாலைதீவின் தலைநகரம் மாலேக்குள் பேரலைகள் புகுந்தன. அந்த ஆண்டு ஒக்ரோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐநா பொதுச்சபையில் நின்று, கடல் உயர்ந்தால் தன் நாடே இல்லாமல் போகும் என்றார். 1989 நவம்பரில் சிறு நாடுகளை மாலேக்கு அழைத்து மாநாடு நடத்தினார். அடுத்த ஆண்டு சிறுதீவு நாடுகளின் கூட்டணி உருவானது. ஐநாவின் காலநிலை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1994 இல், அந்தக் கூட்டணியின் சார்பில் ரினிடாட் ரொபாகோ ஒரு வரைவை முன்வைத்தது. கைத்தொழில் நாடுகள் 2005 ஆம் ஆண்டுக்குள் தம் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தை 1990 இல் இருந்ததைவிட 20 வீதம் குறைக்கவேண்டும் என்றது அந்த வரைவு. அடிப்படை ஆண்டு மாறியிருந்தது. வீதமும் முடிவு ஆண்டும் ரொறன்ரோ இலக்கில் இருந்தவையே. அதிலிருந்து தொடங்கிய பேச்சுத்தான் பேர்லின் மாநாட்டின் வழியாகக் கியோட்டோவுக்குப் போனது. கியோட்டோ உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு பிஜி. 2015 இல் பாரிஸ் உடன்படிக்கையில் வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயலவேண்டும் என்ற வரி இடம்பெற்றதற்கும் இந்தத் தீவுகளின் விடாப்பிடிதான் முக்கிய காரணம். உலக வெளியேற்றத்தில் இவர்கள் எல்லோருடைய பங்கையும் கூட்டினாலும் ஒரு வீதத்தைத் தொடாது.

ரொறன்ரோ நகரமும் தன் பெயர்கொண்ட இலக்கைக் கைவிடவில்லை. 1990 சனவரியில் நகரசபை அதே 20 வீதத்தை, அதே 2005 ஐத் தனக்குத் தானே விதித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, நகரத்துக்குச் சொந்தமான காணி விற்ற பணத்தில் 23 மில்லியன் டொலரை ஒதுக்கி, ரொறன்ரோ வளிமண்டல நிதியம் என்று ஒன்றைத் தொடங்கியது. உலகத்துக்கென்று 1988 இல் கேட்ட நிதியம் உருவாகவில்லை. ஒரு நகரத்துக்கு உருவானது. கட்டடங்களில் வீணாகும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு அந்தப் பணம் போனது.

இந்த நகரம் செய்த வேலைகளில் மிகவும் அழகானது ஏரிக்குள் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியின் அடியில் 83 மீற்றர் ஆழத்தில் தண்ணீர் கோடையிலும் 4 பாகைக் குளிரில் நிற்கும். கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தூரம் மூன்று பெருங்குழாய்களைப் போட்டு அந்தத் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். சுத்திகரித்த பிறகு அது நகரின் குடிநீர். வீடுகளுக்குப் போகும் வழியில், ஒரு நிலையத்தில் வேறொரு குழாய்த்தொகுதியின் பக்கத்தால் அது ஓடும்போது, தண்ணீர் தண்ணீருடன் கலக்காமல் குளிர் மட்டும் கைமாறுகிறது. அந்தக் குளிர்தான் நகரமண்டபத்தையும் நிதிநிறுவனக் கோபுரங்களையும் கோடையில் குளிர்விக்கிறது. 2004 முதல் இது ஓடுகிறது. கட்டடத்துக்குக் கட்டடம் இராட்சதக் குளிரூட்டிகள் இழுத்த மின்சாரம் மிச்சம்.

மாகாணம் செய்தது இதைவிடப் பெரிது. 2003 இல் ஒன்ராறியோவின் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. மிசிசாகாவின் ஏரிக்கரையில் லேக்வியூ அனல் மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகள் நின்றன. 'நான்கு சகோதரிகள்' என்பார்கள். படகுக்காரருக்கு அடையாளமாக இருந்ததும் அவைதான், எங்கள் பக்கத்துக் காற்றைக் கெடுத்ததும் அவைதான். காற்றுக்காகப் போராடிய அமைப்புகளும், மூச்சுத்திணறலோடு வந்த நோயாளிகளைப் பார்த்த வைத்தியர்களும் நிலக்கரியை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லேக்வியூ 2005 ஏப்ரலில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு யூனில் நான்கு சகோதரிகளையும் வெடிவைத்துச் சாய்த்தார்கள். 2007 இல் முடிப்பதாக மாகாணம் சொன்ன நிலக்கரி நிறுத்தம் தவணை தவறி 2014 இல் முடிந்தது. 2005 இல் ஒன்ராறியோவில் 53 நாட்களுக்குப் புகைமூட்ட எச்சரிக்கை விடுத்தார்கள். 2014 இல் ஒரு நாள்கூட இல்லை.

நிலக்கரியை நிறுத்தியதால் குறைந்த காபன் ஆண்டுக்கு 30 மில்லியன் தொன் வரை. இலங்கை முழுவதும் ஓராண்டில் எண்ணெயும் நிலக்கரியும் எரித்து வெளிவிடுவதைவிட இது அதிகம். உலகக் கணக்கில் அரை வீதம்கூட இல்லாத ஒரு மாகாணம் செய்த வேலை இது. 2017 இல் கனடாவும் பிரித்தானியாவும் சேர்ந்து நிலக்கரியை ஒழிக்கும் நாடுகளின் கூட்டணியைத் தொடங்கியபோது, செய்து காட்டிய இடம் என்று கைகாட்ட ஒன்ராறியோ இருந்தது. நிலக்கரியால் உலகத்தை ஆண்ட பிரித்தானியா, 2024 செப்ரெம்பரில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் கலியாண மண்டபங்களிலும் கோவில் வாசல்களிலும் ஒரு பேச்சு ஓய்வதில்லை. "கனடா ஒன்றரை வீதம்தானே? முதல்ல சீனாவை நிப்பாட்டச் சொல்லுங்கோ." ஒன்றரை வீதம் என்பது உண்மை. ஆனால் உலக மக்கள்தொகையில் கனடாவின் பங்கு அரை வீதம். ஒரு கனடியரின் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 14 தொன் காபனீரொட்சைட்டு. ஊரில் இருக்கும் எங்கள் உறவினருக்கு ஒரு தொன் அளவில்தான். கைத்தொழில் தொடங்கிய காலத்திலிருந்து கூட்டிப் பார்த்தால், அதிகம் எரித்த முதல் பத்து நாடுகளில் கனடாவும் ஒன்று. சீட்டுப் பிடிக்கிற எங்களுக்கு இது விளங்காத நியாயம் இல்லை. முதல் தவணையிலேயே சீட்டை எடுத்து வீடு வாங்கினவர், இருபது பேரில் நான் ஒருவன்தானே, என் காசு வராவிட்டால் என்ன என்று கேட்டால் எந்தத் தாச்சி ஒப்புக்கொள்வார்? உலக வெளியேற்றத்தில் தனித்தனியே இரண்டு வீதத்துக்கும் குறைவாகப் பங்குள்ள நாடுகளைக் கூட்டினால் மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. எல்லோரும் இதே சாட்டைச் சொன்னால் அந்த மூன்றில் ஒன்றைத் தொடவே முடியாது.

நீதிமன்றங்களும் இந்தச் சாட்டைக் கேட்டுத் தள்ளிவிட்டன. நெதர்லாந்தின் உயர் நீதிமன்றம் 2019 டிசெம்பரில், நாட்டின் பங்கு சிறியது என்பது பொறுப்பிலிருந்து தப்பும் வழி ஆகாது என்று தீர்ப்பளித்தது. கனடாவின் உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் காபன் விலைச் சட்டத்தை ஏற்றபோது அந்தத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொரு மாகாணத்தின் வெளியேற்றமும் மற்றவர்களுக்குக் கேடு செய்கிறது என்றது. 2025 யூலையில் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றமும், பல நாடுகள் சேர்ந்து செய்த கேடு என்பதற்காக ஒரு நாட்டின் பொறுப்பு இல்லாமல் போகாது என்று கருத்துச் சொன்னது. அந்தக் கேள்வியை ஹேக்குக்குக் கொண்டுபோக முன்னின்ற நாடு வனுவாட்டு.

பிறம்ரனில் எங்கள் பங்கு எங்கே இருக்கிறது என்று தேடி அலையத் தேவையில்லை. எங்கள் நகர எல்லைக்குள்ளேயே கோர்வே மின்நிலையம் எரிவாயுவை எரிக்கிறது. நிலக்கரி போன இடத்தில் அணுமின்னோடு வந்து அமர்ந்தது இந்த எரிவாயுவும்தான். மாரிக்கு வீட்டைச் சூடாக்க அநேகமான வீடுகளின் பேஸ்மென்றில் எரிவது அதே வாயு. மறுபக்கம், 2021 இல் பிறம்ரன் நகரப் போக்குவரத்து எட்டு மின்சார பஸ்களை ஓட்டத் தொடங்கியது. தரிப்பிடத்தில் பஸ் நின்றதும் மேலிருந்து ஒரு கை இறங்கிக் கூரையில் பொருந்தும். சில நிமிடம் மின்னேற்றிக்கொண்டு பஸ் கிளம்பிவிடும். இரண்டு நிறுவனங்கள் செய்த பஸ்கள், வேறு இரண்டு நிறுவனங்கள் செய்த மின்னேற்றிகள். எந்த பஸ்ஸும் எந்த மின்னேற்றியிலும் ஏற்றிக்கொள்ள முடியுமா என்பதே அதில் செய்த பரிசோதனை. அது சரிவந்தால் எந்த ஊரும் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளாமல் மின்சார பஸ் வாங்கலாம். எட்டு பஸ்கள் குறைக்கும் காபன் சொற்பம். அவை திறந்துவிடும் வழி சொற்பம் அல்ல.

1988 இல் காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 350 பங்கைத் தாண்டியது. இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. ரொறன்ரோ இலக்கு தோற்றது என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. இலக்கு தோற்கவில்லை. அதைக் கையில் எடுத்த நகரமும் மாகாணமும் தீவுகளும் அது நடக்கக்கூடியது என்று காட்டிவிட்டன, எடுக்காதவர்கள்தான் தோற்றார்கள். கடல் உயர்ந்து யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் உப்பு ஏறக்கூடாது என்று கவலைப்படுகிற நாங்கள், அந்தக் கிணறுகளைக் காக்கும் முடிவுகள் எடுக்கப்படும் நாடு ஒன்றில் வாக்குரிமையோடு இருக்கிறோம். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் 2030 இன் 40 வீதத்துக்கு என்ன வழி என்று கேட்போம். அடுத்த முறை பேஸ்மென்றில் உள்ள சூடாக்கியை மாற்றவேண்டி வந்தால் மின்சாரத்தில் ஓடுவதற்கும் விலை கேட்போம். இந்தக் கணக்கு எங்கள் ஊரில் பிறந்தது. அதை முடித்துவைக்கிற கடமையும் எங்களுக்கு உண்டு.